புத்தகத்தில் மாற்றிய ஆயில்

இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் பருத்திக் காட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் பட்டென்று நின்றுவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் மரகதம், பக்கத்திலிருந்த மெக்கானிக் எபனேசரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, ஆயில் மாத்துனீங்களா?"

"பராமரிப்புப் புத்தகத்துல எழுதியிருக்கேனேம்மா."

"புத்தகத்துல சரி. இன்ஜின்ல?"

எபனேசர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கீழே இருந்த பருத்திக் காடு மேலே வந்துகொண்டிருந்தது. அவசரமாகப் புத்தகத்தைத் திறந்து, 'ஆயில் மாற்றியாயிற்று' என்பதை அடித்துவிட்டு 'மாற்றவில்லை' என்று எழுதினார். இன்ஜின் லேசாக இருமியது. 'பிளக் துடைக்கவில்லை' என்று எழுதினார். காற்றாடி அரைச் சுற்று சுற்றியது. 'வடிகட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை' என்றும் எழுதினார். இன்ஜினுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பழையபடி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

ஓடுதளம் தெரிந்தது. மரகதம் இறங்கத் தயாரானாள். அடுத்த பக்கத்தைப் புரட்டிய எபனேசர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

"அம்மா, சக்கரத்துக்கு உண்டான பக்கம் இன்னும் திருத்தலையே."

மரகதம் விமானத்தை நிதானமாக ஒரு வட்டம் திருப்பினாள்.

"பெட்ரோல் நானே நின்னு ஊத்துனது. சாயந்தரம் வரைக்கும் சுத்தலாம். பதறாம எழுதுங்கண்ணே."