பாலக்காட்டுக் காற்று

ஹாட்பேக்கைத் திறந்த லோகப்பிரியா திகைத்தாள். இட்லிக்குப் பதில் வெந்நீர்ப் பையின் மேல் கோல்ஃப் பந்துகள்.

“ஏனுங்க, இதென்ன கூத்து?”

“மார்கழிக் குளிரு அம்மணி. பந்து ஜில்லுன்னு இருந்தா தூரம் போகாது. சூடா இருந்தாத்தான் பறக்கும்” என்றான் கணவன் கிருபாசங்கர்.

“போன மாசம் தோத்ததுக்கு மழைன்னீங்க.”

“ஈரத்துல மட்டை வழுக்குமல்ல?”

“ஆடி மாசம்?”

“பாலக்காட்டுக் காத்து! அடிச்ச பந்தைத் திருப்பிக் கொண்டாந்து காலடியிலயே போட்டுருது. உனக்கெங்க இதெல்லாம் புரியப் போவுது?”

“எனக்கு ஒண்ணுதான் புரியுதுங்க. ஞாயித்துக்கிழமையானா நீங்க தோக்கறீங்க. கூட்டிட்டுப் போக ஆளில்லாம, ஈரோட்டுல காலொடிஞ்சு கெடக்கற எங்கம்மாவை நான் பாக்க முடியறதில்ல.”

“வெயில் ஏறுனா ஆட்டமே போச்சு, வாரேன்” என்று ஓடியவன் ஹாட்பேக்கை மறந்துவிட்டான்.

அந்தக் காற்றை இன்றைக்கே பார்த்துவிடுவோம் என்று, அவனுடைய நண்பனிடம் போனில் இடம் கேட்டு ஹாட்பேக்கோடு கிளம்பினாள் அவள். ஆட்டோ காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடை வாசலில் நின்றது. மூன்றாவது மாடிக்கு ஏறிக் கதவைத் தள்ளினாள்.

ஜன்னலே இல்லாத ஏசி அறை. பந்தை அடித்து ஆடுவதற்கென்று சுவரை அடைத்த திரையில், கோல்ஃப் மைதானத்தின் பச்சைப் புல்வெளி படமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தொப்பியும் கூலிங் கிளாஸுமாக, மட்டையை ஓங்கியபடி கிருபாசங்கர். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

ஹாட்பேக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, நான்கு சுவரையும் நிதானமாகப் பார்த்தாள் லோகப்பிரியா.

“ஏனுங்க, பாலக்காட்டுக் காத்து எந்தப் பக்கமிருந்துங்க வருது?”