பதினெட்டாவது பலா

நெய்வேலிச் சுரங்கத்துக்காக எடுக்கப்படும் பலாக் கொல்லையில் மதிய வெயில் அசையாமல் நிற்கிறது. நஷ்டஈட்டுப் பட்டியலுக்காக வந்திருக்கும் சர்வேயர் ஜெயப்பிரகாஷ், அளந்த மரத்திலெல்லாம் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டுக்கொண்டு வருகிறார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்காரி சத்யப்பிரியா கூடவே நடக்கிறாள். அவள் விரல்களிலும் வெள்ளை ஒட்டியிருக்கிறது. ரோட்டில் இரண்டாம் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினேழு எழுதியாகிவிட்டது. வரப்போரத்தில் நிற்கும் சின்ன மரத்தை அவர் தாண்டிப் போகிறார். அதில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு பிஞ்சு. “இது நோட்டீஸ் வந்த பொறவு வச்சதும்மா. லிஸ்ட்ல வராது” என்கிறார். “தெரியும் சார்.” அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “பாப்பாவப் பொதைச்ச எடத்துல வச்சது.” பெயிண்ட் டப்பாவை மூடப் போனவர் மூடியைத் திரும்ப எடுக்கிறார். “காசு வாணாங்க சார். நம்பர் மட்டும் போடுங்க.” பிரஷ் நுனியிலிருந்து ஒரு சொட்டு மண்ணில் விழுகிறது. அதற்குள் அவள் டேப்பை அந்தச் சின்ன அடிமரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவர் வந்து அளவைப் படிக்கட்டும் என்று காத்திருக்கிறாள்.