நாலு நிமிஷம்

"கதவைச் சாத்துங்க. மணி அஞ்சு" என்றார் அதிகாரி.

காவலாளி வார்டு அலுவலகக் கதவைத் தாழிட்டார். வெளியே யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது, திறங்கள் என்று பல குரல்கள் ஒன்றாகக் கத்தின. அதிகாரி அசையவில்லை. அறிவிப்பில் போட்டிருப்பது கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் நேரம்தான், அவரவர் போன் நேரம் அல்ல என்றார்.

கறாரான அம்மாள். ஓட்டுச் சீட்டைப் படம் எடுத்துவிடுவார்கள் என்று உள்ளே வந்த எல்லோருடைய போனையும், தன்னுடையதையும் சேர்த்து, வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். கையில் கடிகாரம் கட்டியவர் ஒருவரும் இல்லை. கட்டியிருந்தால் கடிகாரக்காரர் ஏன் கடையில் ஈ ஓட்டப்போகிறார்?

அந்தக் கடிகாரக்காரரும் உள்ளே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் இருக்கும் அவருடைய எட்டடிக் கடையை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணலாமா, வேண்டாமா என்பதற்குத்தான் இன்று தெருவாசிகளின் ஓட்டு. இருபத்திரண்டு வருடப் பிழைப்பு அது. அப்படியிருந்தும், அலுவலகத்தில் கூப்பிட்டார்களே என்று காலையில் வந்து, ஏணி போட்டு ஏறி, அந்தச் சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி மாட்டிக் கொடுத்த மனிதர்.

அவருடைய வாடிக்கையாளர்கள் மதியத்துக்குள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அடுக்குமாடிக் கார்க்காரர்கள் வேலை முடிந்து வருவதே ஐந்து மணியை ஒட்டித்தான். அதை நினைத்து நினைத்து அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உள்ளே இருந்த அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் துள்ளி எழுந்தார். "வெளியே நிக்கறது எங்க ஆளுங்க. வேணும்னேதான் சாத்திட்டீங்க. கடைக்காரர்கிட்ட என்ன வாங்கினீங்க?"

அதிகாரியின் முகம் சிவந்தது. ஆனாலும் பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினார்.

கடையை எடுக்கலாம், நூற்று நாற்பத்து மூன்று. வேண்டாம், நூற்று நாற்பத்தொன்று.

செயலாளர் சட்டென்று உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு நியாயத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே வந்தது கடிகாரக்காரரின் மகள். ஆஸ்பத்திரி நர்ஸ். லீவு கிடைக்காது, தன் ஓட்டு போனதுதான் என்று நேற்று அழுதவள். பின்னால் அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் நான்கு நர்ஸுகள், யூனிஃபார்மோடு.

"கெஞ்சிக் கூத்தாடி இவங்களையும் கூட்டிட்டு வந்தேன்பா. நாலு அம்பத்தாறுக்கே கதவுகிட்ட வந்துட்டோம். அஞ்சு ஓட்டும் நம்ம கடைக்குத்தான்பா."

கடிகாரக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி தன் போனை வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். கடிகாரம் சரியாக நாலு நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

எழுத்தில் புகார் கொடுத்தால் இந்த ஓட்டு செல்லாது, புதிதாக நடத்தச் சொல்லித் தானே மேலே எழுதுவதாகச் சொன்னார். இருபது வருட வேலையில் தன் மேல் இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை என்றார்.

மகள் அங்கேயே புகார்த் தாளை வாங்கி மடமடவென்று நிரப்பினாள். 'யார் மேல் சந்தேகம்' என்ற இடத்தில் பேனா நின்றது. அதிகாரியை முறைத்தாள்.

"வேற யாரு? காலையிலேர்ந்து இங்கயே இருக்கற நீங்கதான். உங்க பேரு என்ன மேடம்?"

கடிகாரக்காரர் எழுந்து வந்து மகளின் பேனாவைப் பிடித்தார்.

"அங்க என் பேரை எழுதும்மா."