காளான் சூப்பும் ரெண்டாவது சீசனும்

தெரசம்மாள் டாக்ஸி ஸ்டாண்டுக்குள்ள காலெடுத்து வச்சதுமே டிரைவர் அமல் ரெண்டு கையையும் தூக்கிட்டான்.

"யக்கா, நான் வெள்ளனே சாப்பிட்டேன். என்னைய விட்ருங்க."

அங்க இருந்த டிரைவருங்க எல்லாம் சிரிச்சாங்க. டிரைவர் சங்கச் செயலாளர் பெர்லின் மட்டும் சிரிப்ப முழுங்கிட்டு ஒரு நாற்காலிய நகர்த்திப் போட்டான்.

சிரிக்க மாட்டாங்களா பின்ன. கொடைக்கானல்லயே எடுத்த கொலை சீரிஸ். போன வெள்ளிக்கிழமதான் ரெண்டாவது சீசன் முதல் எபிசோடு வந்துச்சு. ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம், ஹோம்ஸ்டே சமையல்காரி ஒருத்தி காளான் சூப்புல வெஷத்தக் கலந்து, புதுசாக் கல்யாணமான ஜோடிக்கு சிரிச்ச மொகமா நீட்டுறா. பாத்தவங்க அம்புட்டுப் பேரும் 'தெறி ஓப்பனிங்'னு ஸ்டேட்டஸ் போட்டுட்டாங்க.

தெரசம்மாள் பதினாலு வருஷமா ஹோம்ஸ்டேல சமைக்கிறவங்க. பேரு வாங்குனதே காளான் சூப்புலதான்.

"நேத்து வந்த கோயமுத்தூர்க்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா தம்பி? அஞ்சு கிண்ணத்துலயும் ஒவ்வொரு கரண்டி என்னையக் குடிக்கச் சொன்னாங்க. குடிச்சேன். கால் மணி நேரம் என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க."

"அப்புறம் குடிச்சாங்களா?"

"எங்க? பிஸ்கட்டப் பிரிச்சு வச்சுத் தின்னாங்க. முந்தாநேத்து வந்த பொண்ணு, 'ஆன்ட்டி, காளான் எந்த மரத்தடியில பறிச்சீங்க'ன்னு வீடியோவுல கேக்குது. மார்க்கெட்டுல வாங்குனேன்னா நம்ப மாட்டேங்குது."

அமல் ஒரு துண்ட இடுப்புல சுத்திக்கிட்டு, சீரிஸ்ல வர்ற சமையல்காரி மாதிரியே கண்ண உருட்டிக் கரண்டி ஆட்டிக் காட்டுனான். நெசமாவே நல்லாத்தான் செஞ்சான்.

"ஏலே அமல், கொழுப்புதான?" தெரசம்மாள் மொறச்சாங்க.

"கதையக் கதையாப் பாக்கணும்க்கா," பெர்லின் சமாதானம் சொன்னான்.

"போன வருஷம் நீ அப்படித்தான் பாத்தியா?"

மொத சீசன்ல கொலகாரன் ஒரு டாக்ஸி டிரைவர். ரெண்டு மாசம் வந்தவங்க எல்லாம் நம்பர் பிளேட்டப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிட்டுத்தான் வண்டியிலயே ஏறுனாங்க. அப்ப சங்கத்துல இருந்து சீரிஸ் எடுக்கிற கம்பெனிக்கு ஒரு மனு போச்சு. இந்த சீசன்ல கொலப்பழி டிரைவர் மேல விழல.

"அதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு தம்பி. மூணாவது சீசனுக்கு இப்பத்தான் கதை எழுதுறாங்களாம். அதுலயும் சமையல்காரிதான் கொலகாரின்னா, மொதலாளியம்மா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. இப்பவே அடுப்புப் பக்கம் வந்து வந்து எட்டிப் பாக்குறாங்க."

"நம்ம சங்கத்துல எழுதிக் குடுப்பாங்கன்னு யாரு சொன்னா?"

"சைமன்தான்."

ஏரிக்கரையில குதிரை ஓட்டுற சைமன். தெரசம்மாளக் கூட்டிட்டு வந்ததே அவருதான். இந்த ஒரு வாரத்துல அவங்க வச்ச சூப்பக் கேட்டு வாங்கிக் குடிச்ச ஒரே ஆளு. நேத்து ரெண்டாவது கிண்ணமும் கேட்டாரு. இப்ப எதுத்தாப்புல இருக்கிற டீக்கடை ஓரமா குதிரையக் கட்டிட்டு இருந்தாரு.

பெர்லின் செல்போன எடுத்தான். "பழைய மனு இதுல அப்படியே கெடக்குதுக்கா. டிரைவர்னு இருக்கிற எடத்துல எல்லாம் சமையல்காரர்னு மாத்துனா முடிஞ்சது சோலி. வாசிக்கிறேன், கேளுங்க."

தொண்டையச் செருமிட்டு மாத்தி மாத்தி வாசிக்க ஆரம்பிச்சான்.

"'மதிப்பிற்குரிய தயாரிப்பாளர் அவர்களுக்கு. கொடைக்கானல் சமையல்காரர்கள் குடும்பத்தோடு மானமாக வாழ்பவர்கள்.'"

தெரசம்மாள் முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

"'கடும் பனியிலும் பயணிகளைப் பத்திரமாகக் கீழே இறக்குபவர்கள் சமையல்காரர்கள்.'"

"நாங்க எங்கப்பா எறக்குறோம்?"

"தொண்டைக்குக் கீழன்னு வச்சுக்கங்க. 'ஒருவரைக் கொலைகாரராகக் காட்டினால் ஊரில் உள்ள அத்தனை சமையல்காரர்களுக்கும் தலைகுனிவு. கொலை செய்ய ஊரில் வேறு ஆட்களே இல்லையா? உதாரணத்துக்கு...'"

நிப்பாட்டிட்டான். இருமல் வந்துச்சு. செல்ல மெதுவாப் பாக்கெட்டுக்குள்ள எறக்கப் பாத்தான்.

தெரசம்மாள் வெரசாக் கை நீட்டி வாங்கிட்டாங்க. எழுத்துக்கூட்டி அவங்களே வாசிச்சாங்க.

"'உதாரணத்துக்கு, ஹோம்ஸ்டே சமையல்காரர்கள் இருக்கிறார்கள். சூப்பில் எதையாவது கலப்பது அவர்களுக்கு எளிது. இதைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டும்.'"

அமல் இடுப்புத் துண்ட அவுத்துட்டு, நல்லா இருந்த டயரக் குனிஞ்சு பாக்க ஆரம்பிச்சான்.

"அப்ப சூப்பு யோசனையே உங்க சங்கம் குடுத்ததுதானா?" தெரசம்மாள் கேட்டாங்க.

"பயத்துல எழுதுனதுக்கா. உங்கள நெனச்சு எழுதல." பெர்லின் தலையக் குனிஞ்சுட்டான். "எங்க தல தப்பிச்சாப் போதும்னு இருந்துச்சு. மன்னிச்சுக்கங்க. அந்த வரியத் தூக்கிடுறேன்."

தெரசம்மாள் எதுத்தாப்புல டீக்கடையப் பாத்தாங்க. அங்க சைமன், தெரசம்மாளுக்கும் சேத்து ரெண்டு டீ வாங்கிக்கிட்டு, சிந்தாம மெதுவா ரோட்டத் தாண்டி வந்துட்டு இருந்தாரு.

அவங்க செல்லத் திருப்பிக் குடுத்துட்டு, கொரலத் தாழ்த்திச் சொன்னாங்க.

"வரி இருக்கட்டும் தம்பி. அதுல சமையல்காரர்னு இருக்கிற எடத்துல குதிரைக்காரர்னு மட்டும் மாத்திரு. சைமன் உள்ள வர்றதுக்குள்ள."