தேசிக்காய் வைச்ச கார்

“தம்பி, விசரே உமக்கு? புதுக் கார் அது!”

நான் கத்தினதைப் பெடியன் காதிலயே போட்டுக்கொள்ளேல்லை.

டொலார்ட் முருகன் கோயில் பார்க்கிங். 2006 ஆடி மாசத்து மத்தியானம், நாங்கள் வந்து குடியேறின இந்தக் குளிர் நாட்டிலயும் முப்பத்தைஞ்சு டிகிரி வெயில். வேட்டியோட, மேலில சட்டையும் இல்லாமல் கோயிலுக்குள்ள இருந்து ஓடிவந்தவன், என்ர கையில இருந்த அர்ச்சனைத் தேங்காயைப் பறிச்சுக் கார்க் கண்ணாடியில ஓங்கிக் குத்தினான்.

தேங்காய் சிதறிச்சுது. கண்ணாடி அசையேல்லை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆரோ ஒரு தமிழன் ஆசையா வாங்கின கார். முன்னுக்கு மாலை, சந்தனப் பொட்டு, நாலு சில்லுக்குக் கீழயும் தேசிக்காய். பூசைக்கு ஆயத்தமா நிக்குது. அதைப்போய் உடைக்கிறானே!

“அண்ணை, உள்ளுக்கு நாய்!”

எட்டிப் பாத்தன். பின் சீற்றில ஒரு சின்ன நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இளைச்சு இளைச்சுக் கிடந்தது. கண்ணாடி எல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தது.

“ஐயோ பாவம்” எண்டா என்ர மனிசி பாலாம்பிகை.

“பாவம்தான். அதுக்கு அடுத்தவன்ர காரை உடைக்கிறதே? கார்க்காரன் உள்ளுக்குக் கும்பிட்டுக்கொண்டு நிப்பான். மைக்கில சொல்லுவிப்பம். நில்லும்!”

எட்டி அவன்ர கையைப் பிடிச்சன்.

“அதுக்குள்ள செத்திடும். கையை விடுங்கோ அண்ணை!”

உதறிப்போட்டு, பூமரத்தடியில கிடந்த கல்லைத் தூக்கினான். ஒரே போடு. கண்ணாடி பொலபொலவெண்டு கொட்டிச்சுது. கை கிழிஞ்சு இரத்தம் வடியுது. அதைப் பாராமல் நாயை வாரி எடுத்துக்கொண்டு நிழலுக்கு ஓடினான். பாலாம்பிகை போத்தல் தண்ணியை அதின்ர காலிலயும் வயித்திலயும் ஊத்தினா.

கொஞ்ச நேரம் ஒரு அசைவும் இல்லை. பேந்து தலையைத் தூக்கித் தண்ணியை நக்கிச்சுது. மெல்ல வாலையும் ஆட்டிச்சுது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அப்பதான் மூச்சு வந்தது.

ஆனா என்ர வாய் சும்மா கிடக்குமே?

“கார்க்காரன் வரட்டும். உம்மையும் விடமாட்டான். வாயில்லாச் சீவனை இந்த வெக்கையில பூட்டிப்போட்டுப் போனவனும் ஒரு மனிசனே எண்டு நானும் அவனை நல்லாக் கேக்கிறன்.”

“கேளுங்கோ அண்ணை” எண்டான், நாயைத் தடவிக்கொண்டு, தலை நிமிராமல்.

ஐயர் தட்டத்தோட அரக்கப்பரக்க ஓடிவந்தார்.

“வசீகரன், இந்தாங்கோ உங்கட கார்த் திறப்பு! முருகன்ர காலடியில வைச்சது. திரை திறந்த கையோட எடுத்துக்கொண்டு ஓடிவாறன்.”

பெடியன் இரத்தக் கையால திறப்பை வாங்கினான்.

“அஞ்சு நிமிசம்தானே எண்டு நினைச்சிட்டன், அண்ணை. பிழை என்னிலதான். திறப்பை வைச்ச உடன திரையைப் போட்டிட்டினம். கையில திறப்பில்லாமல் கதவை எப்பிடித் திறக்கிறது?”

கேக்க வெளிக்கிட்ட நான் என்ர சால்வையை எடுத்து அவன்ர கையில சுத்திவிட்டன். என்ர புதுக் காரெண்டால், திரை திறக்குமட்டும் நான் கும்பிட்டுக்கொண்டுதான் நிண்டிருப்பன்.