தீப்பிடிக்காத அண்ணன்

தீப்பிடிக்காத பூச்சு அடித்த நாளிலிருந்து புது வீட்டு உத்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. சுவரேறி வந்த கரையான் ஒன்று, “அண்ணே, இந்தப் பூச்சுல விஷம் கிஷம் உண்டா?” என்று பவ்வியமாகக் கேட்டது.

உத்தரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “யாரைப் பார்த்து என்ன கேக்குற? அரிசிக் கஞ்சியும் இறால் ஓடும் சேர்த்துக் காய்ச்சினது. சுத்த இயற்கை. நக்கிப் பார்த்தாக்கூட ஒரு உசுருக்கும் கெடுதல் வராது.”

“பெரிய மனசுண்ணே உங்களுக்கு,” என்ற கரையான், சொந்தபந்தத்தை அழைத்துவரப் போனது.

சில வருஷம் கழித்து வீடு பற்றிக்கொண்டது. கதவும் ஜன்னலும் கரியாகிப்போயின. உத்தரத்தில் மட்டும் ஒரு பொறிகூட ஒட்டவில்லை. புகை அடங்கியதும் பூச்சுக்குள்ளிருந்து கரையான் தலையை நீட்டியது.

“உங்க புண்ணியத்துல எங்க வீடு தப்பிச்சுதுண்ணே.”

பதில் சொல்ல உள்ளே அண்ணன் இல்லை.