ஒன்பது மணித் தாழ்ப்பாள்

ஜன்னலோர நாற்காலியில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்ததும் மேனேஜரின் முகம் கடுகடுத்தது.

“நேத்தே விட்டுட்டுப் போயிருக்கான். தலையையாவது மறக்காம எடுத்துட்டுப் போனானே!” என்று அதைத் தூக்கித் தரையில் வைத்தார்.

மீட்டிங்குக்குக் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரின் தம்பிதான் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் சாரம் கட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. பூனைப் படம் ஒட்டியது மேனேஜரின் மகள். சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர்.

கடிகாரம் ஒன்பது காட்டியது. மேனேஜர் கதவை உள்ளே தாழிட்டார்.

அவர் நடத்தும் மீட்டிங் கச்சிதமாக இருக்கும். போன்கள் எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாய் திறக்கக் கூடாது. அந்தத் தகர அறையில் நாலே நாற்காலி என்பதால் முன்னால் வந்தவர்கள் ஹெல்மெட்டைப் போட்டு இடம் பிடித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். தாழ் போட்ட பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் கதவு திறக்காது. யாரும் ஏற்காத வேலை வராதவன் தலையில் விழும்.

தம்பிதான் இதில் அடங்காப்பிடாரி. பிந்தி வருவான், மீட்டிங் முடியும்வரை வெளியே நின்றுவிட்டுப் பல்லைக் காட்டுவான். போன வாரம் மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: “சைட்ல அண்ணன் தம்பி கிடையாது. இன்னொரு தடவை லேட்டா வந்தே, வேற வேலை பாத்துக்க.”

சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. “நாளைக்கு மீட்டிங்குக்கு நான்தான் முதல் ஆளு, பாருங்க அண்ணி,” என்று நேற்று அவன் வீட்டில் சவடால் விட்டபோது, காதில் விழாதவர் போல இருந்தாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். காலையில் பார்த்தால் அவன் அறைக்கதவு சாத்தியே இருந்தது. எழுப்பவில்லை. தானாக எழுந்து வரட்டும் என்று கிளம்பி வந்துவிட்டார்.

“முதல் விஷயம். மூணாவது மாடி லிஃப்ட் குழிக்குத் தடுப்பு. என்னாச்சு?”

“அது போன வாரமே உங்க தம்பி தலையில கட்டியாச்சே சார். அவருதான் அன்னைக்கு உள்ளேயே வரலையே,” என்றார் கொத்தனார்.

“செஞ்சானா?”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் இல்ல.”

மேனேஜர் பல்லைக் கடித்தார். அந்நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

“வந்துட்டாரு துரை!” என்றார் எலக்ட்ரீஷியன்.

மறுபடியும் தட்டல். வெளியே கான்கிரீட் மிக்ஸர் ஓடிய இரைச்சலில் குரல் எதுவும் கேட்கவில்லை. கதவு மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது.

இன்ஜினீயர் பெண் எழுந்தாள். “பாவம் சார். திறந்துடறேனே.”

“உக்காரும்மா. இன்னைக்குத் திறந்தா அவன் ஜென்மத்துக்கும் திருந்த மாட்டான்.”

பிஸ்கட் டப்பா டர்ரென்று உறுமியது. மேனேஜரின் போன்தான். “வெளியில நின்னுக்கிட்டு போன் வேற போடறான் பாருங்க,” என்று மூடியை அழுத்தி மூடினார்.

மணல் லாரி பற்றிப் பேசினார்கள். தண்ணீர்க் குழாய் பற்றிப் பேசினார்கள். நடுவில் எப்போதோ தட்டல் நின்றுபோனது.

நின்றதும் மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை. வேலையை விட்டு நிறுத்துவதாவது! நாலு வார்த்தை அதட்டிவிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கடைசி இரண்டு விஷயங்களை அவசரமாகவே முடித்தார்.

முகத்தை விறைப்பாக்கிக்கொண்டு தாழை நீக்கினார். வாசலில் தம்பி இல்லை. வாட்ச்மேன் நின்றிருந்தார். அவர் சட்டை முழுக்க ரத்தம்.

“எவ்வளவு தட்டினேன் சார்... போன்கூடப் போட்டேனே... உங்க தம்பி லிஃப்ட் குழியில விழுந்துட்டாரு. தடுப்பு கட்டிக்கிட்டு இருந்தவரு கால் தவறி... கதவு திறக்கலைன்னு திரும்ப அவருகிட்டயே ஓடினேன். ‘அண்ணனைக் கூப்பிடு, அண்ணனைக் கூப்பிடு’ன்னு என் மடியில கிடந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு சார். இப்பதான்... அடங்கிடுச்சு.”

மேனேஜர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஹெல்மெட்கூட இல்லாம... லேட்டாயிடுச்சுன்னு அரக்கப் பரக்க ஏறியிருக்கான். படுபாவி, நேரத்துக்கு வந்திருக்கக் கூடாதா?” என்று நெஞ்சில் அறைந்துகொண்டார்.

வாட்ச்மேனின் பார்வை அவரைத் தாண்டி, உள்ளே தரையில் கிடந்த மஞ்சள் ஹெல்மெட்டின் மேல் நின்றது.

“அதைப் போட்டு இடம் பிடிச்சுட்டுத்தான் சார் மேல போனாரு. இன்னைக்கு அவருதான் முதல் ஆளு.”